மீதி

இந்தக் கணக்கில் எல்லாமே கழித்தல் குறி.
கழித்தல் அறுபது என்றால் அருகில்.
கழித்தல் நூற்றிருபது என்றால்
பீடபூமிக்கு அந்தப் பக்கம் எங்கோ,
காற்றின் இரைச்சல் எது, சொல் எது என்று
பிரித்தெடுக்க முடியாத விளிம்பில்.
பூஜ்யத்தில் நின்று யாரும் பேசுவதில்லை.
அவ்வளவு நெருக்கம் ஆகாது.

கௌதோகெய்னோவுக்கு வடக்கே ஒரு மரக்குடில்.
டிசம்பர். சூரியன் ஜனவரியில்தான் வரும்.
கூரைமேல் ஆன்டெனா, மேசைமேல் ரிசீவர்,
பக்கத்தில் மேலே ஏடு படிந்த காப்பி.
எல்லே மாரெத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
வெளியே இருட்டில்
நாற்பத்தெட்டு துருவமான்கள், நாற்பத்தெட்டு கழுத்துப்பட்டைகள்.
மணிக்கொரு முறை ஒவ்வொன்றும்
தன் எண்ணையும் நிற்கும் இடத்தையும் சொல்லிவிட்டுத்
தூங்கிப்போகும்.

சொன்னதோடு ஒரு மீதியும் வரும்.
சொன்னதையெல்லாம் ஒரே எண்ணாக்கி,
இருவருக்கும் தெரிந்த ஓர் எண்ணால் வகுத்து,
மிஞ்சியதை வாலில் கட்டி அனுப்பும் வழக்கம்.
இங்கே ரிசீவர் மறுபடி வகுக்கும்.
மீதி ஒத்தால் உள்ளே வா.
ஒரு புள்ளி பிசகினால்
கேட்கவே கேட்காத மாதிரி இருந்துவிடும்.
திருத்தாது. ஊகிக்காது.
"இப்படித்தான் சொல்லியிருப்பாய்" என்று
பிறர் வாயில் சொல்லைத் திணிக்காது.
மனிதர்களில் இப்படி ஒருவரை
அவள் இன்னும் பார்க்கவில்லை,
தம்பி இஸ்ஸாத்தையும் சேர்த்துத்தான்.

மூன்று நாளாக
முப்பத்தொன்றும் இல்லை, முப்பத்திரண்டும் இல்லை.
"ஓநாய்" என்றான் இஸ்ஸாத்.
நஷ்டஈட்டுப் படிவத்தில்
நாற்பத்தாறு என்று எழுதியும் விட்டான்.
ஏழாம் எண் மட்டும் எங்கிருந்தோ
கழித்தல் நூற்றிருபத்தொன்றில்
ஒரே ஒரு தடவை முனகியது.
மீதி சரியாக இருந்தது.
முனகல்தான். ஆனாலும் ஒரு எழுத்து பிசகவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல்
ரிசீவர் தள்ளிவிட்டவற்றைத் திறந்து பார்த்தாள்.
யாரும் பார்க்காத பட்டியல் அது.
குப்பைக்கூடையைக் கிளறுவது போலக் கூச்சமாக இருந்தது.
ஒவ்வொரு மணியும் பதினேழாம் நிமிடம், நாலாம் நொடி:
கழித்தல் ஐம்பத்தெட்டு.
மீதி தவறு.
கழித்தல் ஐம்பத்தெட்டு.
மீதி தவறு.
கதவுக்கு வெளியே நின்று கத்துகிற பலம்.
ஒரு சொல்லாவது புரிந்தால்தானே.

"ராணுவப் பயிற்சியாக இருக்கும்" என்றான் இஸ்ஸாத்
போர்வைக்குள்ளிருந்து.
ராணுவம் இவ்வளவு ஒழுங்காக நாலாம் நொடியில் பேசாது
என்று அவள் சொல்லவில்லை.
பேட்டரி மாற்றிய நோட்டை எடுத்தாள்.
அவள் கையெழுத்துதான்:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
ஒரே மாலை, ஒரே மேசை,
இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று.
இரண்டையும் ஒரே 'டக்'கில் எழுப்பியிருக்கிறாள்.

அதனால்தான்
இரண்டும் ஒரே நொடியில் வாய் திறக்கின்றன.
அருகருகே நின்று, சம பலத்தோடு,
ஒன்றின் சொல்மேல் இன்னொன்று ஏறி.
இரண்டு உண்மைகள் மோதிக்கொண்டால்
ஒரு பொய்கூடக் கிடைப்பதில்லை,
வெறும் சத்தம்.

நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.
இருநூறு அடி தள்ளி, சரிவுக்குப் பின்னால்
பிர்ச் புதருக்குள் நான்கு பச்சைக் கண்கள்.
பனியைக் குளம்பால் தோண்டி, பாசியை மென்றபடி
தேடப்படுவது தெரியாமல் நின்றன.
தீவனம் காட்டி ஒன்றைக் கிட்டே இழுத்து,
கையுறையைப் பல்லால் கழற்றி,
பட்டையின் பேட்டரியை உருவினாள்.
விரல் மரத்துப்போக, நாற்பது எண்ணினாள்.
திரும்பச் செருகினாள்.

அடுத்த மணி.
கழித்தல் ஐம்பத்தெட்டு. மீதி சரி.
சற்றுப் பொறுத்து
கழித்தல் ஐம்பத்தொன்பது. மீதி சரி.

இஸ்ஸாத் ஒன்றும் பேசாமல்
படிவத்தின்மேல் காப்பிக் கோப்பையை வைத்தான்.
ஏழு மறுபடி பேசவே இல்லை.
அது கடைசியாக முனகிய இடத்தை
வரைபடத்தில் பென்சிலால் வட்டமிட்டு
அவள் ஸ்னோ ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் ஊற்றப் போனாள்.