பூஜ்யத்துக்குக் கீழே

யூமாவில் ஜூலை.
வேன் கதவைத் துணி சுற்றித்தான் திறக்கிறேன்.
எதிலும் மாட்டாமல், வாய் திறந்த குழாய்களோடு
கொக்கியில் தொங்குகிறது அழுத்தமானி.
அதைத் தள்ள இப்போது எதுவும் இல்லை.
ஆனாலும் சிவப்பு முகத்தின் முள்
பூஜ்யத்தைத் தாண்டிக் கீழிறங்கி
ஆணியில் முதுகு சாய்த்திருக்கிறது.

எப்போதிலிருந்து?
மே மாதம் ஏணியிலிருந்து விழுந்தது.
கண்ணாடி உடையவில்லை என்று
சந்தோஷப்பட்டேன், மடச்சி.

அன்றிரவு புது சிலிண்டரைச்
சாமான் அறையில் தொடாமல் விட்டேன்.
காலையில் வெப்பம் தொண்ணூறு பாகை.
தொண்ணூறுக்கு அந்த வாயு
இருநூற்று எழுபத்து நான்கு சொல்ல வேண்டும்.
அட்டவணையில் உள்ள எண்,
யார் கையில் பிடித்தாலும் மாறாதது.
என் மானி இருநூற்று அறுபத்திரண்டு என்றது,
கொஞ்சமும் கூசாமல்.

கடையில் ட்வெய்ன் மூன்று பெட்டிகளைப் பரப்பினான்.
'நூற்றுக்கு ஒன்றுதான் பிழை' என்றான்.
எதன் நூற்றுக்கு என்று கேட்டேன்.
பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.
எண்ணூறு வரை போகும் முகம்,
அதில் ஒன்று என்றால் எட்டு.
எட்டு அவனுக்கு ஒரு கோட்டின் தடிமன்.
எனக்கு அது யாரோ ஒருவர்
தூக்கமில்லாமல் புரளும் இரவு.

கடைக்குள் எழுபத்தைந்து பாகை.
அவன் சிலிண்டரிலேயே மூன்றையும் மாட்டச் சொன்னேன்.
பளபளப்பானது இருநூற்று இருபத்தைந்து.
எண்ணெய் நிரப்பியது இருநூற்று ஒன்பது.
மூன்றாவது, தவளை நிறம், அழகே இல்லை,
இருநூற்றுப் பதினேழு என்று சொல்லிவிட்டு
அசையாமல் நின்றது.
கண்ணாடிக்கு அடியில் முள்ளைத் திருத்த
ஒரு சின்னத் திருகும் இருந்தது.
தன் பிழைக்கு இடம் வைத்திருப்பதை
வாங்கினேன்.

மேயிலிருந்து பதினோரு வீடுகள்.
முள் குறைத்துச் சொன்னதை நம்பி
பதினோரு வீட்டிலும் வாயுவைக் கூட்டியிருக்கிறேன்,
ரசீது போட்டு, கையெழுத்து வாங்கி.

ஒஃபேலியா பிராகமோன்தே,
கீரைக்கட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை.
இரண்டு முறை வரச் சொன்னாள், இரண்டு முறையும் பணம் தந்தாள்.
தவளையை மாட்டினேன்.
பதின்மூன்று அவுன்ஸ் அதிகம்.
எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இயந்திரம்
மெல்ல நிதானத்துக்கு வந்தது.
பணத்தைத் திண்டின் மேல் வைத்து
'பழுது என் கருவியில்' என்றேன்.

அவள் பணத்தைப் பார்க்கவில்லை.
'அப்போ, கதவால் இல்லையா?'
எந்தக் கதவு என்று புரியவில்லை எனக்கு.
'இவன் திறந்து போட்டுப் போவதால்தான்
குளிர் எல்லாம் போகிறது என்று
கோடை முழுக்க...'
அதற்கு மேல் சொல்லவில்லை.

கூடத்தில் எட்டு வயது இருக்கும் பையன்
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.
நடந்து போய்
வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு
எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

நூற்றுப் பன்னிரண்டு பாகை உள்ளே வந்தது.
யாரும் எழுந்து மூடவில்லை.