நூறாண்டு மழை

காலை எட்டு மணிக்கு
மழைமானியில் நான் படிக்கும் எண்
பத்தரைக்குள் கோலாலம்பூர் போய்விடும்.
அங்கே அது ஒரு நீலக் கோடாகி
திரையில் ஏறும்.
இங்கே அது
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள்.

ஈய லம்பத்தை மறுபடி திறந்தபோது
பொறியாளர் ஹோ ஓர் அட்டவணை காட்டினார்.
கழிவுக்குட்டையின் கரை
நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்குமாம்.
நல்லதுதான் என்றேன்.

அந்த நூறாண்டு மழை
முந்திய வருடம் பள்ளி விடுமுறையில் வந்தது.
போன தீபாவளிக்கு, முறுக்கு எண்ணெய் அடுப்பில் இருக்கையில் வந்தது.
இந்த ஜூனில், காயவேண்டிய ஜூனில்,
ஒரு புதன்கிழமை மத்தியானம்
கோப்பி ஆறுவதற்குள் வந்து போனது.
கணக்குப்படி எனக்கு இப்போது
முந்நூற்று முப்பத்தொன்பது வயது.

கரைக்குக் கீழே மூன்றாம் கட்டை.
செம்பனைத் தோட்டத்தின் பழைய லயம், இருபத்தாறு வீடு.
ஒரு முனியாண்டி.
மோட்டார் சைக்கிள்களின் வயிற்றைத் திறந்து போட்டிருக்கும்
நாகேந்திரனின் பட்டறை.
முப்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளி.

கம்பெனி சும்மா இருக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.
பழைய குட்டையின்மேல்
சூரியத் தகடுகள் மிதக்கின்றன.
மூன்று லாரிகள் மின்சாரத்துக்கு மாறின.
கரிக்கணக்கு இறங்கியது, உண்மையாகவே இறங்கியது.
டீசல் பம்பு நின்ற அன்று
ஜோஸ்பின் வீட்டுக் கைக்குழந்தை
முதன்முறையாகப் பகலில் தூங்கியது.
படம் எடுக்க டிரோன் வந்தது.
மேலிருந்து பார்த்தால் தகடுகள் அழகு.
கரை,
படத்தின் ஓரத்தில்
யாரோ தைக்க மறந்த நூல்.

கூட்டத்தில் பலகை வைத்திருந்தார்கள்:
இரண்டாயிரத்து ஐம்பதில் சுழியம்.
கை தூக்கினேன்.
ஐம்பதில் சுழியம், சரி.
அக்டோபரில் என்ன?

யாரோ இருமினார்கள்.
கலிங்கை அகலப்படுத்துங்கள் என்றேன்.
மழைக்காலத்துக்கு முன்பே
தெளிந்த நீரை மேல்குட்டைக்கு ஏற்றி
இரண்டு மீட்டர் காலியாக வையுங்கள்.
அதுவரை மண் கழுவுவதை நிறுத்துங்கள்.

ரொஸ்லினா கணக்குப் போட்டாள்:
பதினொரு நாள் ஈயம்.
வெள்ளியில் சொன்னபோது
குளிர்சாதனத்தின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
தலைநகரிலிருந்து வந்த ஐயா
அறிக்கையில் இது எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டார்.

என் பேச்சால் எதுவும் நடந்துவிடவில்லை.
சாயங்காலம் ஹோ தனியாகக் கரைமேல் நடந்தார்,
பட்டணத்துச் சப்பாத்தோடு.
பாதி தூரத்தில் இடது கால் முழங்கால்வரை இறங்கியது.
காலை இழுத்தார்; சப்பாத்து வரவில்லை.
அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
கையெழுத்துப் போட்ட தாளில்
இன்னும் இருக்கிறது சேற்று விரல்.

நவம்பர் பதினேழு, இரவு.
நூற்றெண்பத்தேழு மில்லிமீட்டர்.
டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன்.
நீர் சிவப்புக் குறிக்கு ஒரு முழம் கீழே வந்து நின்று
யோசித்தது.
பிறகு, வழி தெரிந்த மாடு மாதிரி
கலிங்கு பக்கம் திரும்பியது.

அவ்வளவுதான்.

ஆண்டறிக்கைப் படிவத்தில்
சாதனைக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
குறைந்த டன்னுக்கு இருக்கிறது, நட்ட மரத்துக்கு இருக்கிறது.
நடக்காமல் போனதற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மூன்றாம் கட்டையில்
மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது;
பிள்ளைகளுக்கு மிகுந்த வருத்தம்.

இன்று ஈய விலை ஏறியிருக்கிறது.
அடுத்த வருடம் பதினொன்றை
ஏழாக்க முடியுமா என்று மின்னஞ்சல் கேட்கிறது.
பதில் இன்னும் எழுதவில்லை.
மணி எட்டு.
மானிக்குள் ஒரு தேரைக்குஞ்சு, ஆறு மில்லிமீட்டர் மழை.
தேரையை வெளியே விட்டுவிட்டு
ஆறு என்று எழுதுகிறேன்.