ஒன்பதாம் பிரிவு

ஒன்பதாம் பிரிவின்படி
இதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது.
தொகையை, தவணையை,
எதிர்த்தரப்பு யார் என்பதை.
டீக்கறை படிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பற்றி
அதில் எதுவும் எழுதவில்லை.
அதைச் சொல்கிறேன்.

ஒத்தக்கடையில் வக்கீல் அறை, மாடி.
ஜன்னல் முழுக்க யானைமலை.
கலைப்பாளர் கரூர்க்காரர், சின்ன வயசு.
எச்சில் தொடாமல் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.
"இது உங்க கையெழுத்துதானே மேடம்?"
என்னுடையதுதான்.
"இது?"
அதுவும்.

அவர் இறந்து பதினாறு கழிந்த மறுநாள்
அவர் நாற்காலியில் என் பெயரை எழுதினார்கள்.
அம்மா டைரக்டர் என்று பையன் சொன்னதற்கு
பள்ளிக்கூடத்தில், எந்தப் படம் என்று கேட்டார்களாம்.
பதினோரு வருடம்.
கொழுந்தன் ஜெகவீரன் பென்சிலால் புள்ளி வைப்பார்.
புள்ளி மேல் நான் கோலம் போடுவேன்.
ஐந்தொகை, வங்கிக்கு உத்தரவாதம்,
அவர் மச்சினன் நடத்திய ஏதோ டிரேடர்ஸுக்கு
பணம் போன தீர்மானம்.
எல்லாம் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்.

"தெரியாதுங்கிறது பதில் இல்ல மேடம்.
தெரிஞ்சிருக்கணும், அதான் சட்டம்."
இதைச் சொல்லும்போது மலையைப் பார்த்தார்.

தொகையைச் சொல்ல மாட்டேன்.
ஊமச்சிகுளத்து மனை அதில் போயிற்று.
வளையல் போகவில்லை,
அல்லது இன்னும் போகவில்லை.
நான்காம் பிரிவு நல்ல பிரிவு என்றார் வக்கீல்:
எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்
இத்தொகை செலுத்தப்படுகிறது.

அப்போதுதான் அந்த நோட்டு வந்தது.
கடன்காரர் வரிசையில் எழுபத்தொன்று,
மெஸ் அழகுமீனா.
படிவத்தோடு ஜெராக்ஸ். ஜெராக்ஸிலும் டீக்கறை.
மாதக் கடைசியில் புதூர் சிட்கோவுக்கு நான் போனது
அந்த ஒரு சோலிக்குத்தான்.
டீ, வடை, மதியச் சாப்பாடு.
ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு எண்ணினேன்.
கோடிகளை எண்ணவில்லை.

ஒரு நாளைக்கு நூற்றிப்பத்து டீ. பிறகு எண்பது.
மிக்சிங் மில் நின்ற மாதம் அறுபத்துநாலு.
ரப்பர் ஷீட் வரவில்லை, கரித்தூள்காரன் போனை எடுக்கவில்லை,
எதுவும் எனக்குத் தெரியாது.
டீ குறைவது மட்டும் தெரியும்.
அந்த மாதமும் புள்ளி மேல் கோலம் போட்டேன்.

அறுபத்துநாலு டீ எழுதியிருந்த ஒரு தேதியில்
சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்:
இரண்டாம் ஷிப்ட் கிடையாதே, இருபத்திரண்டு எப்படி?
பக்கத்தில் என் கையெழுத்து.
அந்தக் கட்டு முழுவதிலும்
நான் படித்துப் பார்த்துப் போட்டது அது ஒன்றுதான்.
கலைப்பாளருக்கு அது முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.
திருப்பிவிட்டுப் போனார்.
நான் தடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஜூனியர் பையன்
பென்சிலால் புள்ளி வைத்திருந்தான்.
போட்டேன்.

மறுவாரம் புதூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன்.
இப்போது தள்ளுவண்டி.
அந்தத் தேதியைக் கேட்டேன். மறக்கவில்லை அவள்.
"ஷிப்ட்டு இல்லத்தான். ஆளு இருந்துச்சுல்ல?
வேல வரும் வரும்னு கேட்டுக்கிட்ட நின்னாக
இருவத்திரண்டு பேரு.
வெறும் வயித்தோட எப்படி அனுப்ப?"

எட்டு ரூபாய் மேனிக்கு நூற்றியெழுபத்தாறு.
எந்தக் கோரிக்கையிலும் இல்லாத தொகை.
இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
கையைத் துடைத்துக்கொண்டாள், வாங்கவில்லை.
"நோட்டு கோர்ட்ல கெடக்கு.
இத எதுல வரவு வைக்க?"

டீ போட்டுக் கொடுத்தாள்.
அந்த டீக்கு மட்டும்
காசு வாங்கிக்கொண்டாள்.