கண்டாயம்

பிழை, வரி இருநூற்றுப் பன்னிரண்டு என்கிறது திரை.
அங்கே ஒன்றுமே இல்லை. கோப்பின் கடைசி வரி, வெறுமை.

ஒட்டுசுட்டான் பால் சேகரிப்பு நிலையம்,
பதினைந்தாம் திகதி, காலை ஏழரை.
வெறும் கான்களோடு நாற்பத்தொரு பேர்
காசுக்கு நிற்கினம்.
இதை எழுதின டிலக்சன் இப்ப கட்டாரில்;
இரண்டு தரம் திட்டினேன், மனதுக்குள்.

பிறகு ஃபோமாற்றரை ஓடவிட்டேன்.
அது எதையும் திருத்தவில்லை.
வரிகளை நிரையில் நிறுத்தியது, அவ்வளவுதான்.

முப்பதுவரை எல்லாம் இடப்பக்கம் ஒட்டி நின்றன.
முப்பத்தொன்றிலிருந்து
கொழுப்பு வீதம், லீற்றர், கழிவு, கூட்டுத்தொகை
நாலு எழுத்து வலப்பக்கம் நகர்ந்து
ஒன்றின் பின் ஒன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன
கடைசிவரை, திரும்பாமல்.

மாடு பிடிபட்டது ஆரோ ஒருவரின் வயலில்.
வெளிக்கிட்டது கண்டாயத்தால்.

வரி முப்பது:
வெள்ள மாதத்தில் கழிவு இல்லை என்ற விதி.
தை பிறந்ததும் அதை அழித்தது நான்தான்,
அரையும் குறையுமாக.
திறந்த அடைப்பு நிற்கிறது, மூடினதைக் காணோம்.

ஒரு குறி போட்டேன். வரிகள் திரும்பி வந்தன.
அச்சு இயந்திரம் இருமத் தொடங்க
செல்வமலரக்கா யன்னலால் கேட்டா:
"ஆற்றை பிழை, பிள்ளை?"

கட்டார் என்று வாய்வரை வந்தது.