உள்ளேன் ஐயா

குவைத், ஹவல்லியில்
சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை.
எந்நேரமும் கீழிருந்து இஸ்திரி ஆவி.
ஆகஸ்டில் அது வேறா என்று
யாரும் அலுத்துக்கொள்வதில்லை.
வாடகை குறைவு.

மற்ற நாளில்
பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள் நான்.
வெள்ளிக்கிழமை இங்கே மொழிபெயர்ப்பு.
சம்பளம் கிடையாது.
சம்பளம் கிடைக்காதவர்களோடு பேச
அது ஒரு தகுதி என்று சிரிப்பார்
வக்கீல் பஷாயிர்.

களஞ்சியம், த/பெ சோலையாண்டி, கமுதி.
வஃப்ராவில் தக்காளிப் பண்ணை.
ஏழு மாதம் காசு வரவில்லை, கேட்டான்.
எட்டாம் மாதம் பதில் வந்தது
காகிதமாக:
'தகய்யுப்'.

முதலில் நான்
'ஓடிப்போனவன்' என்று சொல்லிவிட்டேன்.
முகம் கறுத்தது அவனுக்கு.
"எவளக் கூட்டிக்கிட்டுக்கா ஓடுனேன்?
பண்ணையச் சுத்தி கம்பிவேலி.
பாஸ்போர்ட்டு மொதலாளி பீரோவுல."
மன்னிப்புக் கேட்டேன்.
அடித்துவிட்டு எழுதினேன்: ஆப்சென்ட்.
அது புரிந்தது.
"அஞ்சாப்பு வரைக்கும்
ஒருநாள் லீவு போட்டதில்லக்கா."

இருந்தான் என்பதற்கு என்ன சாட்சி?
தக்காளி விற்றாகிவிட்டது,
தின்றாகிவிட்டது.
கூட வேலை செய்த இருவரை
விமானம் ஏற்றியாகிவிட்டது.
அதில் ஒருவன் பெயர்
எங்கள் கோப்பில்கூடச் சரியாக இல்லை.

குடிதண்ணீர் எப்படி வரும் என்று
கேட்டார் பஷாயிர்.
எதற்கென்று தெரியாமலே மொழிபெயர்த்தேன்.
"டேங்கர்லக்கா. ஒருநாள் விட்டு ஒருநாள்."
கையெழுத்து?
"நாந்தான் போடுவேன்."

ஷேர் ஜமான், பதினெட்டு வருட டிரைவர்,
எதையும் தூக்கி எறியாதவர்.
ஆயில் மாற்றிய சீட்டு,
காசு தீர்ந்த போன் கார்டு, எல்லாம் உண்டு.
இருக்கைக்கு அடியிலிருந்து
பேரீச்சம்பழ டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார்.
வெயிலில் வெளிறிய ரசீது, நூற்று மூன்று.
ஒவ்வொன்றின் ஓரத்திலும்
தமிழில், கோணலாக, புள்ளி மறக்காமல்
சோ. களஞ்சியம்.
அவன் வரவில்லை என்று
அவர்கள் எழுதிய தேதிக்கு அப்புறமும்
பதினொன்று.

இரண்டு வெள்ளி அடுக்கினோம்.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்தபோது
கீழ்க்கடைப் பையன்
புதுச் சட்டையில் குத்தும் குண்டூசி தந்தான்.

ஞாயிறு. தொழிலாளர் துறை. மூன்றாம் கவுன்டர்.
பல் ஆஸ்பத்திரியில்
பல்வலி என்றா லீவு சொல்வது?
வயிற்றுவலி என்றேன்.

அதிகாரிக்கு ளகரம் தடுக்கியது.
"கலன்... கலன்ஜம்?"
விருட்டென்று எழுந்தான்.
கையைக் கட்டிக்கொண்டான்.
"உள்ளேன் ஐயா."

வரிசையில் ஒரு தமிழன் சிரித்தான்,
பாதியில் நிறுத்தினான்.
அதிகாரி என்னைப் பார்த்தார்.

உள்ளே என்றால் எங்கள் ஊரில்
ஜெயிலும்தான் ஐயா.
உள்ளேன் என்றால் அது இல்லை.
இதோ நிற்கிறேன்,
என் பெயருக்கு நேரே கோடு போடாதே,
நேற்றும் இருந்தேன்,
யாரும் கூப்பிடவில்லை.

"மௌஜூத்" என்றேன்.

ரசீதுகளை அவர் எண்ணவில்லை.
நடுவில் ஒன்றை உருவினார்.
குண்டூசி குத்தி
விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து
ஆப்சென்ட் அழிந்தது.
சம்பள வழக்கு அக்டோபருக்குத் தள்ளிப்போனது.
பாஸ்போர்ட்டை இன்னும்
தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

ஷேர் ஜமான்
டப்பாவைத் திருப்பிக் கேட்டார்.
ரசீது வேண்டாம், டப்பா போதும்.
கொடுத்தனுப்பினோம்.
போன வெள்ளி அவரே படியேறி வந்து
மேசையில் வைத்தார்.
திறந்தால் நாலு ரசீது.
வேறு பண்ணை.
மூன்றில் வங்காளிக் கையெழுத்து.
ஒன்றில் பெருவிரல்,
நீலமாக,
கொஞ்சம் இழுபட்டு.