உப்பு வாசல்

இங்கே கோலாக்களுக்குப் பெயர் வைப்பது எளிது:
கண்டெடுத்த தெரு,
அதன்பின் கண்டெடுத்தவருக்குப் பிடித்த ஒரு பெயர்.
ஆகவே இவள் கூரின்டா சாலை மேவிஸ்.
பால் லாரி ஓட்டும் டாரல் க்விக்
தன் மழைச்சட்டையில் சுற்றி
இரவு பத்தேமுக்காலுக்குக் கொண்டுவந்தார்.
வண்டியில் அடிபட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.
எலும்பு எதுவும் முறியவில்லை.
ஈறு மட்டும் வெளுத்துக் கிடந்தது.

ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்தவள் நான்.
வெள்ளணுக்கள்
நிற்க இடமில்லாமல், வயதுக்கு வராத முகங்களோடு.

"உள்ளே எப்படிப் போச்சு அது?"
காப்பி இயந்திரம் இருமிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

எப்படிச் சொல்ல.
உயிரணுவின் தோல் ஓர் எண்ணெய்ப் படலம்.
உப்பைக்கூட ஆள்வைத்துத்தான் உள்ளே எடுக்கும்.
பாஸ்பேட்டுக்கென்று ஒரு வாசல்;
இரண்டு சோடியம் கைபிடித்துக் கூட்டிவர
ஒரு பாஸ்பேட் உள்ளே போகும்,
எலும்புக்கு, பாலுக்கு,
மரபிழையின் முதுகுத்தண்டுக்கு.
அந்த வாசலின் வெளிப்பக்கம் ஒரு சின்ன மேடு.
யாருக்காகவும் செய்ததில்லை,
கட்டும்போது தங்கிவிட்ட புடைப்பு.
வைரஸ் தேடி வருவது அதைத்தான்.
உப்பு அதற்கு வேண்டாம்.
தன் முளையால் மேட்டைத் தொடும்;
தொட்டதும் முளை மடங்கும்,
மடித்து வைத்திருந்த ஈட்டி நீளும்,
இரண்டு தோல் ஒரு தோலாகும்.
கதவு உடையவில்லை, டாரல்.
கதவு திறக்கக்கூட இல்லை.
நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு
சுவரோடு சுவராய்க் கலந்து போனது.

உள்ளே போய்த் தலைகீழாய் எழுதும்,
ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.
எழுதிய ஏட்டை
அடுத்தவர் ஏட்டின் நடுவே தைத்துவிடும்.
அப்புறம் தன் முளைகளாலேயே
உள்ளிருந்து வாசலை அடைக்கும்,
பின்னால் வரும் தன் இனம் நுழையாமல்.
புகுந்தவன் தாழ்ப்பாள் போடுகிறான்.

"அப்போ சரிதானே, அடைச்சாச்சு" என்றார்.

ஒரு கிளை முளையை மாற்றிக்கொண்டது.
தயமின் போகும் வழி ஒன்று உண்டு,
தவிட்டில் இருக்குமே, அந்தச் சத்து.
உப்பு வாசல் இல்லையென்றால் தவிட்டு வாசல்.
மேவிஸிடம் இரண்டு கிளையும் இருக்கிறது.

அவர் சிரித்துவிட்டார், சிரிப்பு போலில்லாமல்.
ரிச்மண்ட் ஆறு பெருகிய வருடம்
முன்வாசலுக்கு நாற்பது மணல்மூட்டை அடுக்கினாராம்.
தண்ணீர் குளியலறைக் குழாய் வழியாக வந்ததாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இது அதற்குப் பிறகும் நினைக்கிறது:
கருமுட்டையில் தைத்துக்கொண்டு
மகளுக்கு, மகளின் மகனுக்கு.
இந்த மலைப்பக்கம் பிறக்கிற கோலாவெல்லாம்
அதைத் தன் எழுத்தாகவே கொண்டு பிறக்கிறது.
படிவத்தில் இரண்டு கட்டம்: தொற்று, பிறவி.
எதில் குறியிடுவதென்று இன்றும் தெரியாமல்
பேனாவை மூடி வைத்தேன்.
நம் ஏட்டிலும் நூற்றுக்கு எட்டுப் பக்கம்
எப்போதோ வந்தவர்கள் தைத்துவிட்டுப் போனது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
பால் கறக்கும் பண்ணைகள் காத்திருந்தன, மணி மூன்று.

"அந்த உப்பு வாசலையே எடுத்துட்டா?"
கதவருகே நின்று கேட்டார்.
எடுத்தால் எலும்பு இல்லை.

பைக்குள் விரல்விட்டுப் பார்த்தபோது
கட்டைவிரல் பருமனில் ஒன்று
காம்பைக் கவ்விக்கொண்டிருந்தது, கண் திறக்காமல்.
அதன் தோலெங்கும் லட்சம் வாசல்கள்
உப்பை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருக்கும்.

மழைச்சட்டையை டாரல் எடுத்துப் போகவில்லை.
மேவிஸ் ஒரு கையைப் பற்றியிருந்தாள்,
பிடித்திருப்பது சட்டையின் கை என்று அறியாமல்.