வலி இல்லை

"வண்டிக்கு வலி இல்லண்ணே."
முந்தாநாள் நான் ஒப்படைத்த காரைத் திருப்பிக் கொண்டுவந்து
சாவியை மேசையில் வைக்கிறாள் டெல்பின் ஜெர்சலா.
எறியவில்லை, வைத்தாள்.
அதுதான் உறுத்தியது.
முப்பந்தல் ஏற்றத்தில் ஒரு வாழைக்குலை லாரி
ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்ததாம்.

வெள்ளமடத்தில் ஆடிக்காற்று
ஷெட்டின் தகரத்தைப் பிய்த்துப் பார்க்கிற மாதம்.
வளி எக்கச்சக்கம்.
வலி இல்லை என்கிறாள்.

மூன்று நாள் வேலை அது.
பழைய றப்பர் ஹோஸ்கள் சூட்டில் வெடித்து
தொட்டால் விரலில் கரியாய் ஒட்டின.
அத்தனையும் உருவி எறிந்தேன்.
புதிது நீல சிலிக்கான், நாலு மில்லி உள்விட்டம்.
கம்ப்ரசர் வாயிலிருந்து கிளம்பி
டி ஜாயிண்டில் பிரிந்து
ஒன்று வேஸ்ட்கேட் டப்பாவுக்கு,
ஒன்று சோலனாய்டுக்கு,
அங்கிருந்து மிச்சக் காற்று இன்டேக்குக்குத் திரும்ப.
டர்பைன் சூட்டுக்கு ஒரு சாண் விலகி,
எங்கும் மடங்காமல்,
முனைக்கு முனை கிளிப்.
பெபின் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான்,
இருபத்தேழு பேர் பார்த்தார்கள்.

இப்போது அதே நீலத்தின் முன்னால் குனிந்து நிற்கிறேன்.
முள் பாதியில் நிற்கிறது. மேலே போகமாட்டேன் என்கிறது.
சோப்புநுரை பூசினேன், குமிழி இல்லை.
சோலனாய்டு டிக் டிக் என்கிறது, உயிரோடுதான் இருக்கிறது.
வேஸ்ட்கேட் மட்டும் அவசரப்பட்டுத் திறக்கிறது.
டர்பைனைச் சுற்றவேண்டிய புகை
பக்கவழியாய் நழுவி சைலன்சருக்குப் போகிறது.

ஆசாரிப்பள்ளத்தில் மயக்கமருந்துப் பிரிவு,
இரவு டூட்டி முடிந்த கண்.
கழற்றிப்போட்ட டயர்மேல் உட்கார்ந்து கேட்டாள்:
"காத்து எங்கேருந்து எங்க போவுது, வரைஞ்சு காட்டுங்கோ."
சாக்பீஸால் தரையில் வரைந்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"பின்னால தள்ளிக்கிட்டே இருக்கு.
இந்த சோலனாய்டு எவ்வளவு எறைச்சாலும்
நெறஞ்சுக்கிட்டேதான இருக்கும்?
டிரிப்புல நாங்க உருளையத் திருகி இறுக்குவோம்.
இங்க இறுக்குறது ஆரு?"

பெபின் என்னைப் பார்த்தான்.
நான் சாக்பீஸைப் பார்த்தேன்.

அவளே எழுந்து போய்
கழிவு டப்பாவில் கைவிட்டு
பழைய ஹோஸ்களை எடுத்தாள்.
நரம்பு தேடுகிறவள் மாதிரி
நுனியிலிருந்து அரை அங்குலம் அரை அங்குலமாய் நசுக்கி வந்தாள்.
முதலாவதில் இல்லை. இரண்டாவதில் இல்லை.
மூன்றாவதில் விரல் நின்றது.
"இன்னா கெடக்கு."

பிளேடால் கீறினேன்.
பயறளவு பித்தளை மணி.
நடுவில் குண்டூசி போகிற துளை.
கம்ப்ரசருக்கும் டி ஜாயிண்டுக்கும் நடுவே
வெளியே தெரியாமல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது.
பன்னிரண்டு வருஷமாய் இந்தத் தொழில்.
ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் அளந்தேன்,
போகிற வழியைக் குறித்தேன்.
உள்ளே பார்க்கவில்லை.

மணியைப் பெட்ரோலில் கழுவி நீலத்துக்குள் தள்ளினேன்.
உட்கார்ந்த இடத்தில்
வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு.
அடுத்து இதை உருவப்போகிறவனுக்கு.
அது நானாகவும் இருக்கலாம்.

டெஸ்ட் டிரைவுக்கு அவளே ஓட்டினாள்.
ஆரல்வாய்மொழியில் மலை இரண்டு பக்கமும் நெருங்கியது,
காற்றாலைகள் கிறுகிறுத்தன.
இறுக்கிய இடத்தில்தான் காற்றுக்குப் பலம் என்று
சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
உவமை சரியில்லை.
கணவாய் காற்றை விரட்டுகிறது,
மணி காற்றைத் தாமதப்படுத்துகிறது.
இன்றைக்கு ஒரு தப்பு போதும்.

இரண்டாயிரத்து ஐந்நூறில் முள் எழுந்தது.
சீட் முதுகில் அழுத்தியது.
"வலி வந்துட்டு" என்றாள்,
முன்னே போன லாரிக்கு ஹாரன் அடித்தபடி.

பெபின் மறுபடி ஒரு படம் எடுத்திருந்தான்.
பழைய படத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தேன்.
பொட்டு ஒன்றுதான் வித்தியாசம்.
"இத ஸ்டேட்டஸ்ல வைக்கட்டா?"
வேண்டாம் என்றேன்.